கருத்துப்பட மேதை சங்கர்

வராக நதி பாயும் நம் ஜெயமங்கலத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மாலை வேளையில் எந்த வீட்டுத் தொலைக்காட்சியை நோக்கினாலும், பூனை எலியைத் துரத்தும் கார்ட்டூன் படத்தைக் காணலாம். குழந்தைகளோடு பெரியவர்களும் அமர்ந்து சிரிக்கும் அந்த 'டாம் அண்டு ஜெர்ரி' படங்கள் 1940-இல் தொடங்கியவை. அவற்றுள் பழையவற்றில் பெரும்பாலும் முகம் காட்டப்படாத ஒரு கறுப்பினப் பணிப்பெண் வருவாள். பருத்த கால்களும், கையில் துடைப்பமும், கொச்சைப் பேச்சுமாக அவள் வரையப்பட்டிருப்பாள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அதனைத் தங்களுக்கு நேர்ந்த இழிவாகக் கருதினர். 1952-க்குப் பின் அவள் அப்படங்களில் இடம்பெறவில்லை. 1960-களில் தொலைக்காட்சிக்காகச் சில பழைய படங்களிலும் அவளை நீக்கி வேறு உருவத்தை வரைந்து சேர்த்தனர். 1968-இல் வேறொரு வரிசையைச் சேர்ந்த பதினொரு கார்ட்டூன் படங்கள், கறுப்பின மக்களை இழிவாகக் காட்டுகின்றன என்னும் காரணத்தால் ஒளிபரப்பிலிருந்தே விலக்கப்பட்டன.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்றும் உண்டு. 1992-இல் டிஸ்னி நிறுவனம் 'அலாவுதீன்' கதையைச் சித்திரப் படமாக வெளியிட்டது. அரபு நாட்டில் முகம் பிடிக்காவிட்டால் காதை அறுப்பார்கள் என்னும் பொருள்பட அதன் தொடக்கப் பாடலில் ஓரடி அமைந்திருந்தது. அமெரிக்காவில் வாழும் அரபு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால், 1993-இல் வீட்டுக் காணொளியாக வெளிவந்தபோது அவ்வடி மாற்றப்பட்டது. 2020-இல் அந்நிறுவனமே தன் பழைய படங்கள் சிலவற்றின் தொடக்கத்தில், அவற்றில் சில மக்களைத் தவறாகச் சித்திரித்துள்ளோம் என்னும் அறிவிப்பைச் சேர்த்தது.

ஒரு தலைமுறை சிரித்து மகிழ்ந்த சித்திரம் அடுத்த தலைமுறைக்குப் புண்ணாகிறது. அவ்வாறாயின் அச்சித்திரத்தை என்ன செய்வது? அதனை வரைந்த கலைஞனை எவ்வாறு மதிப்பிடுவது? இவ்வினாக்கள் அமெரிக்காவுக்கு மட்டும் உரியன அல்ல. நம் நாட்டிலும் ஒரு பெருங்கலைஞரின் வாழ்வு இவ்வினாக்களை எழுப்பி நிற்கிறது. இந்தியக் கருத்துப்படக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் சங்கரே அவர். அவருடைய வாழ்வை இம்மலரில் நினைவுகூர்வது பயனுடையது எனக் கருதுகிறோம்.

இளமையும் கல்வியும்

நம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே நோக்கினால் தெரியும் மலைத்தொடரைக் கடந்தால் அன்றைய திருவிதாங்கூர் நாடு. அந்நாட்டின் காயங்குளம் என்னும் ஊரில் 1902-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் சங்கர் பிறந்தார். கேசவ சங்கர பிள்ளை என்பது அவருடைய முழுப்பெயர். பள்ளிப் பருவத்தில் வகுப்பறையில் உறங்கிக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவரை அப்படியே வரைந்துவிட்டார். தலைமையாசிரியர் சினந்தார். சிறுவனின் மாமனோ அக்கோடுகளில் இருந்த திறமையைக் கண்டு ஊக்கினார். ஒரே படத்துக்குச் சினமும் பாராட்டும் சேர்ந்து கிடைத்தன. பின்னாளில் அவருடைய வாழ்நாள் முழுவதும் இதுவே நிகழ்ந்தது எனலாம்.

மாவேலிக்கரையில் இருந்த ரவிவர்மா ஓவியப் பள்ளியிலும் அவர் பயின்றார். திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927-இல் சட்டம் படிக்கப் பம்பாய் சென்றார். சட்டம் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. இடையிலே படிப்பை விடுத்துக் கப்பல் வணிகர் ஒருவரிடம் செயலராகப் பணியாற்றிக்கொண்டே 'பாம்பே கிரானிக்கிள்', 'ஃபிரீ பிரஸ் ஜர்னல்' ஆகிய நாளேடுகளுக்குப் படம் வரைந்து அனுப்பினார்.

அக்காலத்தில் இந்திய மொழி இதழ்களில் கருத்துப்படம் முற்றிலும் புதியதன்று. நம் பாரதியார் 1906-இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'இந்தியா' வார இதழில் ஆங்கில ஆட்சியைச் சாடும் சித்திரங்களைத் தொடர்ந்து வெளியிட்டார் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். ஆயினும் நாள்தோறும் நாட்டு நடப்பைக் கோடுகளால் விமரிசிப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு, அத்தொழிலுக்கு நாடு தழுவிய மதிப்பைத் தேடித் தந்தவர் சங்கரே.

தில்லிப் பணி

1932-இல் 'இந்துஸ்தான் டைம்ஸ்' நாளேட்டின் ஆசிரியராக இருந்த போத்தன் ஜோசப், சங்கரைத் தில்லிக்கு அழைத்து அவ்வேட்டின் கருத்துப்பட ஓவியராக அமர்த்தினார். 1946 வரை அவர் அங்கே பணியாற்றினார். இடையில் இலண்டன் சென்று ஓராண்டுக்கும் மேலாக ஓவியப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். ஆங்கில அரசப் பிரதிநிதிகளான வில்லிங்டன் பிரபுவும் லின்லித்கோ பிரபுவும் தங்களைக் கேலி செய்த படங்களையே விரும்பிப் பார்த்தனர் என்பர். ஆளப்படும் நாட்டைச் சேர்ந்த ஒருவர் ஆள்பவரின் மூக்கையும் தொப்பையையும் வரைந்து ஊரைச் சிரிக்க வைத்தார். சிறைக்கு அஞ்சிய காலத்தில் அச்சிரிப்பு மக்களுக்கு ஒரு துணிவைத் தந்தது.

காந்தியடிகளின் கடிதம்

எனினும் கேலி எப்போதும் வலியவரை நோக்கியே சென்றதில்லை. 1930-களின் இறுதியில், ஜின்னா அவர்களைப் பற்றிச் சங்கர் வரைந்த ஒரு படம் காந்தியடிகளின் மனத்தை உறுத்தியது. முஸ்லிம் லீக்கும் காங்கிரசும் விலகி நின்ற காலம் அது. ஒரு படம் இரு மக்களிடையே கசப்பை வளர்க்கவும் கூடும், குறைக்கவும் கூடும். அடிகள் தம் கைப்படச் சங்கருக்கு எழுதினார். படங்கள் கலையால் சிறந்தவை என்று முதலில் பாராட்டினார். பின், அவை உண்மையோடு பொருந்தாமலும் பிறரைப் புண்படுத்தாமல் நகைக்க இயலாமலும் போனால் தொழிலில் உயர முடியாது என எச்சரித்தார். கேலி கடிக்கக் கூடாது என்பது அக்கடிதத்தின் சாரம்.

இந்நிகழ்ச்சியை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். ஜின்னா காந்தியடிகளின் அரசியல் எதிரணியில் நின்றவர். அவரைக் கேலி செய்த படம் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி தொடர்பு கொண்டிருந்த ஏட்டிலேயே வந்தது. தம் பக்கத்துக்கு ஆதாயம் என்று அடிகள் வாளா இருந்திருக்கலாம். அவ்வாறு இராமல், எதிரணித் தலைவரின் மானத்தையும் தம் பொறுப்பாகக் கருதினார். கேலிக்கு ஆளானவர் புகார் எழுப்புவது இயல்பு. கேலியால் நன்மை பெறக்கூடியவரே புகார் எழுப்புவது அரிது.

சங்கர்ஸ் வீக்லி

1948-ஆம் ஆண்டு மே மாதம் சங்கர் தமக்கெனச் 'சங்கர்ஸ் வீக்லி' என்னும் வார இதழைத் தொடங்கினார். அதனைத் தொடங்கி வைத்த பிரதமர் நேரு, தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் எனச் சங்கரிடம் கேட்டுக்கொண்டார். சங்கர் அவ்வேண்டுகோளை முழுமையாக நிறைவேற்றினார். அவர் நேருவை வரைந்த படங்களுள் ஏறத்தாழ நானூறு பின்னாளில் தனி நூலாகவே வெளிவந்தன. அவற்றுள் 1964 மே 17-ஆம் நாளிட்ட படம் மறக்க இயலாதது. மெலிந்து தளர்ந்த நேரு கையில் தீப்பந்தம் ஏந்தி இறுதிக் கட்டத்தில் ஓடுகிறார். சாஸ்திரி, மொரார்ஜி, இந்திரா உள்ளிட்டோர் பின்தொடர்கின்றனர். அப்படம் வெளிவந்த பத்தாம் நாள் நேரு மறைந்தார்.

ஓ.வி. விஜயன், அபு ஆபிரகாம், குட்டி, ரங்கா எனப் பின்னாளில் புகழ்பெற்ற ஓவியர் பலருக்கு அவ்விதழே பயிற்சிக்கூடமாக விளங்கியது. 1975-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாளிதழோடு சங்கர் தம் வார இதழை நிறுத்திக்கொண்டார். மக்கள் தம்மைப் பார்த்துச் சிரித்துவிடுவர் என்னும் அச்சத்தால் சர்வாதிகாரிகள் சிரிப்பைத் தாங்கமாட்டார்கள் என்னும் கருத்தை அவ்விறுதித் தலையங்கத்தில் எழுதி விடைபெற்றார். இருபத்தேழு ஆண்டுகள் நடந்த இதழ் தலைநிமிர்ந்தே நின்றுபோயிற்று.

நத்தைச் சித்திரம்

இனி, சங்கரின் பெயரை மீண்டும் நாடெங்கும் எழுப்பிய படத்துக்கு வருவோம். அது 1949 ஆகஸ்ட் 28-ஆம் நாள் வெளிவந்தது. அரசியல் சட்டத்தை வரைவதற்கான குழு அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அமைக்கப்பட்டது 1947 ஆகஸ்ட் 29-ஆம் நாள். அதாவது குழு அமைந்து இரண்டாண்டு நிறைவதற்கு முந்தைய நாள் அப்படம் வந்தது. அரசியல் சட்டம் என்று பெயர் எழுதிய ஒரு நத்தை. அதன்மேல் அமர்ந்து சாட்டை ஏந்தி அதனை விரட்டும் அம்பேத்கர். அவருக்குப் பின்னால் தாமும் சாட்டை ஓங்கி நிற்கும் நேரு. சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் மக்கள் கூட்டம். சட்டம் இயற்றும் பணி நத்தை வேகத்தில் நடக்கிறது என்பதே படத்தின் பொருள்.

அடுத்த மூன்று மாதத்தில், 1949 நவம்பர் 26-ஆம் நாள், அரசியல் சட்டம் ஏற்கப்பட்டது. படமும் பழைய இதழ்களோடு உறங்கிப்போயிற்று. 2006-இல் மத்திய அரசின் பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் அது மீண்டும் இடம்பெற்றது. பல தரப்பினரின் ஒப்புதலைப் பெற்று ஆழ்ந்து ஆராய்ந்து எழுதியதனாலேயே காலம் சென்றது என விளக்குவதற்காகவே பாடநூலார் அதனைச் சேர்த்தனர்.

2012 மே 11-ஆம் நாள் நாடாளுமன்றத்தில் இப்படம் பெரும் புயலைக் கிளப்பியது. அதனை அங்கே எழுப்பியவர்களுள் முதன்மையானவர் தமிழ்நாட்டு உறுப்பினர் தொல். திருமாவளவன். அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்துப் படத்தை நீக்க ஒப்பினார். பாடநூலுக்கு ஆலோசகர்களாக இருந்த யோகேந்திர யாதவ், சுகாஸ் பல்சிகர் இருவரும் பொறுப்பிலிருந்து விலகினர். மறுநாள் புனேயில் பல்சிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. அடுத்த மாதமே அதே வரிசைப் பாடநூலில் இருந்த மற்றொரு பழைய படம், ஆர்.கே. லட்சுமண் 1965-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி வரைந்தது, தமிழ்நாட்டுத் தலைவர்களின் எதிர்ப்புக்கு ஆளாயிற்று. போராடிய மாணவருக்கு ஆங்கிலமும் தெரியாது என்னும் ஏளனம் அதில் இருந்தது.

சங்கரின் படத்தை ஆதரித்தோர் கூறிய நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அம்பேத்கரும் நேருவும் உயிரோடிருந்தபோதே வந்த படம் அது. அன்று அது பெரும் எதிர்ப்பை எழுப்பவில்லை. பிரதமரையே கேலி செய்தவர் அமைச்சரை மட்டும் விட்டுவைக்க வேண்டுமா? கேலிக்கு அஞ்சும் நாட்டில் உரிமை நிலைக்குமா? இவை அவர்கள் வினாக்கள்.

எதிர்த்தோர் கண்டது வேறு. சாட்டை என்பது எல்லாருக்கும் ஒரே பொருள் அன்று. சாட்டையை ஓங்கிய குடும்பத்தில் பிறந்தவர்க்கு அது விரைவுபடுத்தும் கருவி. சாட்டை பட்ட முதுகை உடைய மூதாதையரின் வழியில் வந்தவர்க்கு, அம்பேத்கரின் பின்னே நின்று ஒருவர் சாட்டை ஓங்குவதும் அதனைக் கண்டு ஊர் சிரிப்பதும் நகைச்சுவையாகத் தோன்றுமா? அதுவும் வகுப்பறையில், பிற மாணவர் சுற்றி அமர்ந்திருக்க, அப்பக்கத்தைத் திறக்கும் ஒரு தலித் மாணவனின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வழக்கில் ஒரு நல்விளைவும் உண்டு. உன்னமதி சியாம சுந்தர் என்னும் ஆய்வாளர், தாமும் கருத்துப்படம் வரைபவர், 1932 முதல் 1956 வரை ஆங்கில ஏடுகளில் அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தேடித் தொகுத்து 2019-இல் நூலாக வெளியிட்டார். சங்கரின் படங்களும் பிற ஓவியர் படங்களும் அதில் உள்ளன. தனித்தனியே பார்க்கையில் அந்தந்த நாளின் விளையாட்டாகத் தோன்றுபவை, வரிசையாக அடுக்கிப் பார்க்கையில் வேறொன்றைச் சொல்கின்றன. பெரும் கல்விமானாகிய ஒருவரை ஏடுகள் மீண்டும் மீண்டும் உருவத்தில் சிறியவராக, பிறர் நிழலில் நிற்பவராகவே வரைந்தன. ஓவியர் பகைமையால் அவ்வாறு செய்தார் என நாம் கூற வேண்டியதில்லை. தம்மைச் சுற்றி இருந்த சமூகத்தின் கண்ணாலேயே அவர் கண்டார். ஆள்வோரின் குறையை நுட்பமாகக் கண்ட கண்ணுக்கும், தான் வாழும் சமூகத்தின் குறை எளிதில் புலப்படாது போயிற்று.

குழந்தைகளின் உலகம்

சங்கரின் வாழ்வில் மற்றொரு பக்கம் உண்டு. அதனைச் சொல்லாது விடுதல் நேர்மை ஆகாது. 1949-இல், அதாவது நத்தைச் சித்திரம் வெளிவந்த அதே ஆண்டில், அவர் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியைத் தொடங்கினார். பின்னர் அது உலகப் போட்டியாக வளர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் குழந்தைகள் பங்குகொள்ளும் நிலையை அடைந்தது. 1957-இல் குழந்தைகள் நூல் அறக்கட்டளையை நிறுவி, இந்தியக் குழந்தைகள் இந்தியக் கதைகளையே அழகிய படங்களோடு குறைந்த விலையில் படிக்க வழி செய்தார்.

அங்கேரி நாட்டுத் தூதர் பரிசாக அளிக்கக் கொடுத்த ஒரு பொம்மை அவர் மனத்தைக் கவர்ந்தது. அன்று முதல் சென்ற நாடுகளிலெல்லாம் பொம்மைகளைச் சேர்த்தார். அவற்றை ஊர் ஊராக எடுத்துச் சென்று காட்சிக்கு வைக்கையில் பல சேதமுற்றன. நிலையான இடம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் பிறந்தது. 1965 நவம்பர் 30-ஆம் நாள் குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் தில்லியில் பொம்மை அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். ஏறத்தாழ 85 நாடுகளைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்ட பொம்மைகள் அங்கே சேர்ந்தன. கேலிச்சித்திரம் ஒருவரின் ஒரு குறையைப் பெரிதாக்கிக் காட்டுவது. பொம்மையோ பிற நாட்டவரின் உடையையும் அணியையும் மதிப்போடு காட்டுவது. ஒரே மனிதர் இரண்டையும் செய்தார்.

1956-இல் பத்மஸ்ரீ, 1966-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண் ஆகிய விருதுகள் அவரை அடைந்தன. போலந்து நாட்டுக் குழந்தைகள் தேர்ந்தெடுத்து வழங்கும் புன்னகை விருதும் 1977-இல் கிடைத்தது. 1989 டிசம்பர் 26-ஆம் நாள் அவர் மறைந்தார். 1991-இல் அவருடைய படங்களைத் தாங்கிய அஞ்சல் தலைகள் வெளியிடப்பட்டன. பிறந்த ஊரை அடுத்த கிருஷ்ணபுரத்தில் இன்று அவர் பெயரால் கருத்துப்பட அருங்காட்சியகம் விளங்குகிறது.

நாம் கற்பது

இங்கே நம் சொந்தக் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் பள்ளியில் பயின்ற நாளில் மாணவர் சேர்ந்து கையெழுத்து இதழ் ஒன்று நடத்தினோம். படம் வரையும் பொறுப்பு நம்முடையது. நண்பன் ஒருவன் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்று வந்தான். அவன் தந்தையார் துப்புரவுப் பணி செய்தவர். ஒலிபெருக்கிக்குப் பதிலாக நண்பன் துடைப்பத்தைப் பிடித்துப் பேசுவதாக நாம் வரைந்தோம். வகுப்பே சிரித்தது. நண்பனும் சிரித்தான். ஆதலின் தவறொன்றும் இல்லை எனக் கருதினோம். அதுவரை இதழ் தவறாமல் கவிதை எழுதித் தந்தவன், அதற்குப் பின் ஒன்றும் தரவில்லை. நேரமில்லை என்றான். நாமும் நம்பினோம். 2012-இல் நத்தைச் சித்திரம் பற்றிய செய்தியைப் படித்த அன்றுதான், அவனுக்கு நேரம் இல்லாமற் போனதன் காரணம் நமக்கு விளங்கியது.

சிரித்தவன் புண்படவில்லை என்று எண்ணுதல் பிழை. கூட்டத்தில் தனித்து நிற்க அஞ்சியும் மனிதர் சிரிப்பர். நம் சமுதாயத்தாருக்கும் இது தெரியாததன்று. திரைப்படத்தில் கைலியும் தொப்பியும் அணிந்து உடைந்த தமிழ் பேசும் வணிகரைக் காட்டும்போது, தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நம் பெரியவர்கள் அரங்கில் பிறரோடு சேர்ந்து சிரித்ததை நாம் கண்டிருக்கிறோம். நமக்கு அது உறுத்துமாயின், நம் விடுதி நாடகத்திலும் ஆண்டு விழா மேடையிலும் பிறருடைய தொழிலையும் நிறத்தையும் பேச்சையும் நாம் எவ்வாறு காட்டுகிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆதலின் பழைய படங்களைக் கொளுத்துவதோ ஒளிப்பதோ தீர்வு எனத் தோன்றவில்லை. ஒளித்துவிட்டால் அத்தவறு நடந்ததே இல்லை என்று அடுத்த தலைமுறை எண்ணிவிடும். விளக்கம் இன்றிச் சிறுவர் கையில் கொடுப்பதும் முறையன்று. ஆசிரியர் உடன் அமர்ந்து, யார் வரைந்தார், யாரை வரைந்தார், யார் சிரித்தனர், யார் வாய்மூடி இருந்தனர் என்னும் நான்கையும் மாணவரோடு சேர்ந்து ஆராய்ந்தால் அப்படமே நல்ல பாடமாகும். நேருவின் தளர்ச்சியை வரைந்த அதே கையே நத்தைச் சித்திரத்தையும் வரைந்தது. முன்னதற்காகச் சங்கரைப் போற்றுவோம். பின்னதில் அவர் காணத் தவறியதையும் மறைக்காது சொல்வோம்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் படம் வரைபவர் உண்டு, நாடகம் எழுதுபவர் உண்டு, மேடையில் நகைச்சுவை பேசுபவர் உண்டு. அஞ்சாமல் வரையுங்கள், எழுதுங்கள். ஆள்வோரின் ஆணவத்தையும் செல்வரின் செருக்கையும் எங்கள் போன்ற ஆசிரியரின் உறக்கத்தையும் கேலி செய்யுங்கள். ஒருவர் தாமே தேடிக்கொண்ட குறையைக் கேலி செய்யலாம். பிறப்பால் வந்ததையும் வறுமையால் வந்ததையும் தொடாதீர்கள். படத்தை ஒட்டுமுன், அதில் உள்ளவர் அருகில் நின்று பார்ப்பதாக ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அந்த ஒருகணத்தை நாம் அன்று செலவிட்டிருந்தால், நம் கையெழுத்து இதழ் ஒரு நல்ல கவிஞனை இழந்திராது.